பவளத்தின் பின்னேரத் தலை

மச்சான்,

உன் ஹார்ட் டிஸ்க் பையின் முடிச்சை அவிழ்க்க எனக்கு ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் பிடித்தது. நீல நிறப் பள்ளிக்கூட ரிப்பன், ஒரு முனை நைந்து நூலாகிப் போயிருக்கிறது. குருநகரில் தலைமுறை தலைமுறையாக வலை கட்டினவர்களின் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தது. எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். ஸ்குரூ டிரைவரின் முனையால் குத்தி நெகிழ்த்தி, மிச்சத்தைப் பல்லால் இழுத்தேன். வாயெல்லாம் தூசி. தூசிக்குள் தேங்காய் எண்ணெய் மணம். இத்தனை வருசத்துக்குப் பிறகும் ஒரு ரிப்பனில் எண்ணெய் மணக்குமா என்று கேட்காதே. மணந்தது.

"கட்டினால் கட்டினபடி கிடக்கோணும்" என்பாய். கிடந்தது, போதுமா?

பையைத் திறக்கக் காரணம் கனடாக்காரர். ரொறன்ரோவில் இருந்துகொண்டு, அங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கக் கார்ட்டூன் பாடங்கள் செய்வித்தாரே, அதே மனிதர். அந்தப் பாடங்களுக்காக நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புத்தகக்கடைக்கு மேலே உள்ள அறையில் இருந்து செய்த பிள்ளைதான் பவளம். பத்து வயது, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். முகமும் உடம்பும் என் வேலை. தலைமயிர் முழுக்க முழுக்க உன்னுடையது. இப்போது புதுப் பாடங்கள் வேண்டுமாம், புது மென்பொருளில், பெரிய திரையில் பார்க்கக்கூடிய துப்புரவோடு.

"பழைய தலைமயிர் சரிவராட்டில் விடும் தம்பி" என்றார். "இன்ரநெற்றிலை ரெடியாய்ச் செய்தது விக்கிறாங்கள். நான் வாங்கித் தாறன், பிள்ளையின்ரை தலையிலை கொழுவிவிடும். வெள்ளிக்கிழமைக்குள்ளை ஒரு படம் அனுப்பும், பாத்து முடிவெடுப்பம்."

நான் செய்த முகத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நீ செய்த கூந்தல் பவளத்தின் தலையில் இருக்குமா, இல்லையா என்பதுதான் வெள்ளிக்கிழமை தெரியவேண்டியிருந்தது.

எனக்குக் களைத்துவிட்டது, மச்சான். உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் ஒரு புது மென்பொருள் வருகிறது. போன வருசம் மண்டையை உடைத்துப் படித்தது இந்த வருசம் குப்பை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், மீசை முளைக்காத ஒரு வெள்ளைக்காரப் பொடியன் மூச்சுவிடாமல் விளக்குகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி தடித்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைக்காமல் கதிரையில் இருக்கமுடியவில்லை. நீ தப்பிவிட்டாய் என்று சில நாட்களில் நினைப்பேன். நினைத்ததும் என்மேல் கோபம் வரும், பிறகு உன்மேல் வரும்.

பவளத்தைப் புது மென்பொருளில் திறந்த அன்று அவள் தலையில் பிளாஸ்டிக் நாடாக்கள் தொங்கின. கலியாண வீட்டுக் காரில் கட்டுவார்களே, அந்த மாதிரி. நான் பயப்படவில்லை, நீ கூந்தல் கட்டுகிற விதம் எனக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக முளைக்க வைக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கணினிக்கு அதற்கு வலு இல்லை. நீளமான தட்டைக் கீற்றுகளை வெட்டி, அவற்றின்மேல் தலைமயிரின் படத்தை ஒட்டுவாய். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதில் வெள்ளை உள்ள இடத்தில் மயிர் தெரியும், கறுப்பு உள்ள இடம் வெறும் காற்றாகிவிடும். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை என்ன செய்வதென்று புது மென்பொருளுக்குத் தெரியவில்லை. தேடி எடுத்து உரிய இடத்தில் கொழுவிவிட்டேன்.

கொழுவினதும் மயிர் வந்தது. ஆனால் நுனியெல்லாம் ஐதாகி, நெருப்புக்காய்ச்சல் வந்து எழும்பின பிள்ளையின் தலை போலிருந்தது. அந்தப் படத்தையும் நிறமென்று நினைத்து, தன்பாட்டில் இருட்டாக்கியிருக்கிறது மென்பொருள். இது நிறமில்லை, வெறும் அளவு என்று ஒரு பெட்டியில் அடையாளம் போட்டதும் நுனி அடர்ந்தது. அது சரிவர, உச்சியில் கரி பிடித்த மாதிரித் திட்டுத் திட்டாகக் கறுப்பு. இரண்டு நாள் என்னைத் தின்றது அந்தத் திட்டு.

கடைசியில் உன்னை நினைத்துத்தான் காரணத்தைப் பிடித்தேன். நீ கீற்றுகளைப் பிடரியில் தொடங்கி மேலே மேலே அடுக்குவாய், வேலிக்குத் தென்னோலைக் கிடுகு வரிகிற மாதிரி, ஒன்றின் தலையை மற்றதன் வால் மூட. உச்சிக்கு வரும்போது அடுக்கு மிகத் தடிப்பு. புது மென்பொருளில் வெளிச்சம் ஒவ்வொரு கீற்றாக ஊடுருவி வரவேண்டும். ஓர் அளவுக்குமேல் கீற்றுகள் இருந்தால் களைத்துப்போய் நின்றுவிடுகிறது. நின்ற இடம் கறுப்பு. எத்தனை கீற்றுகளைக் கடக்கலாம் என்கிற எண்ணைக் கூட்டிவிட்டேன், திட்டு மறைந்தது. களைத்து நிற்பதன் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை.

உன் மொட்டைத் தலையை நினைத்து அப்போது தனியே இருந்து சிரித்தேன். முப்பதைத் தாண்டுமுன் உனக்குக் கொட்டிவிட்டது. கனடாக்காரர் முதன்முதலில் வீடியோ அழைப்பில் உன்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவரோ தலைமயிர் செய்யிறவர்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. என்ரையெல்லாம் அதுக்குத்தான் குடுத்திட்டன்" என்றாய்.

சலூனில் போய்ச் சும்மா குந்தியிருப்பாய். சலூன்காரர் உன் தலையைத் தடவிப் பார்த்து, "இதிலை நான் என்னத்தை வெட்ட?" என்பார். "வெட்ட வேண்டாம், வெட்டுறதைப் பாக்க வந்தனான்" என்பாய். வெட்டின மயிர் தோளில் விழுந்து சறுக்குவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கணினியில் குந்துவாய். அதெல்லாம் பகல் நேரக் கூத்து. மூன்று மணி தாண்டினால் உனக்கு இருப்புக் கொள்ளாது. வேலை எந்த நிலையில் கிடந்தாலும் என் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துவிடுவாய். "சோறு தின்னப் போறன்." அந்த நேரத்தில் என்ன சோறு என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். ஐந்து மணிக்கு ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பி வருவாய்.

இனி மினுக்கத்துக்கு வருகிறேன். உண்மையான தலையிடி அங்கேதான்.

அந்தக் காலத்து மென்பொருள் வெளிச்சத்தை அரைகுறையாகத்தான் போடும். அதனால் மினுக்கத்தையும் நீயே தூரிகையால் கீற்றில் தீட்டிவிடுவாய். எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலையின் மினுக்கம். "பிள்ளை முழுகிப்போட்டுத் துவட்டேல்லையோ?" என்று கனடாக்காரர் கேட்டபோது, "எண்ணெய் அண்ணை, பள்ளிக்குடம் போற பிள்ளை" என்று விட்டுக்கொடுக்காமல் நின்றாய். இப்போது மென்பொருளே வெளிச்சம் போடுகிறது. உன் மினுக்கத்துக்கு மேலே அதன் மினுக்கம். பவளம் தலையைத் திருப்பினால் ஒன்று நகர்கிறது, மற்றது அசையாமல் நிற்கிறது. அசையாமல் நிற்பது உன்னுடையது. இடப்பக்கத்திலிருந்து விழுகிற காலை வெளிச்சம். அது எந்த வாசலால் வந்ததென்றும் எனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விடியற்காலை டியூட்டி. அதனால் மகள் அனிற்றாவுக்குத் தலை பின்னுவது உன் பொறுப்பு. உன்னை ஏற்ற வருகிற காலைகளில் நான் வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை முக்காலியில், நீ அவளுக்குப் பின்னால் முழங்காலில், சீப்பு வாயில். சீப்பைக் கடித்தபடியே என்னோடு கதைப்பாய், ஒன்றும் விளங்காது. கடைசியில் ரிப்பனை அந்த வலைமுடிச்சுப் போட்டு இறுக்குவாய். "அப்பா, தலை நோகுது" என்பாள். "சூறாவளி வந்தாலும் கழராது" என்பாய். அதனால்தான் உன் கூந்தல்களில் முன்பக்கம் சுமார், பின்பக்கம் அச்சொட்டு. மற்றவர்கள் எல்லாரும் கமரா பார்க்கிற பக்கத்தைத்தான் வடிவாகச் செய்வார்கள். நீ நாளாந்தம் பார்த்தது பிடரியை.

அந்த வாசல் வெளிச்சத்தை அழித்தால்தான் கூந்தல் புது மென்பொருளில் கூந்தலாகத் தெரியும். வேறு வழி இல்லை, எல்லாம் முயன்று பார்த்துவிட்டேன். கடைசியாக நீ தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறதா? மாரிமழை, ஊரெல்லாம் டெங்கு. "சும்மா காய்ச்சல்தான் மச்சான், நாளைக்கு வாறன். பவளத்தின்ரை தலையிலை கை வைக்காதை." நாளைக்கு நீ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகு நாங்கள்தான் உன்னிடம் வந்தோம், குடைகளோடு, உன்னைப் புதைத்த சேமக்காலைச் சேற்றுக்குள்.

கை வைத்துவிட்டேன். கீற்றுக் கீற்றாக உன் மினுக்கத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கூந்தல் நன்றாக வந்தது.

புதன்கிழமை படத்தை அனுப்பினேன். கனடாக்காரர் உடனே அழைப்பு எடுத்தார்.

"மயிர் வடிவு தம்பி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பின்னலைப் பாரும். இடப்பக்கம் தடிப்பு, வலப்பக்கம் எலிவால். முந்திப் படம் சின்னன், தெரியேல்லை. இப்ப பளிச்செண்டு தெரியுது. ரெண்டையும் ஒருமாதிரி ஆக்கும். ஏலாட்டில் சொல்லும், நான் வாங்கிறன்."

சமமாக்குவது ஒரு வேலையே இல்லை. ஒரு பக்கத்தை அப்படியே மற்றப் பக்கத்துக்குப் பிரதி பண்ணுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது. நீ அதைத் தொட்டதில்லை. "ஆரின்ரையாவது தலை ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்து பாத்திருக்கிறியோ?" என்று கேட்பாய். நான் சுட்டியை அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இருந்தேன். அமத்தினால் கனடாக்காரர் சந்தோசப்படுவார், கூந்தல் தப்பும். ஆனால் அதற்குப் பிறகு அது உன் கூந்தலா என்று எனக்கு நிச்சயமில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு அனிற்றாவுக்கு அழைத்தேன். கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

அவள் இப்போது இங்கேதான் கம்பசில் படிக்கிறாள். இரண்டு விரிவுரைகளுக்கு இடையில் ஸ்கூட்டியில் வந்தாள். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள், உன்னிடம் யாராவது சொல்லத்தானே வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சுட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். எல்லாரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் பவளத்தைத் திருப்பிப் பிடரியைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள்.

"ஐயோ அங்கிள், இது என்ரை தலையெல்லோ! அப்பா உச்சி பிரிச்சா எப்பவும் வலப்பக்கம் வாய்க்கால் மாதிரி வளையும். இடப்பக்கத்துக்குத்தான் மயிர் கூட."

"கனடாவிலை சமமாக்கட்டாம் பிள்ளை. அதுதான் உம்மைக் கேப்பம் எண்டு…"

"கிளாசிலையும் எல்லாரும் பகிடி பண்ணுவினம். அப்பாக்குச் சொன்னா மனம் நோகும். அதாலை பள்ளிக்குட வானுக்குள்ளை ஏறினவுடனை அவிட்டுப்போட்டு நானே திரும்பப் பின்னுவன். முடிச்சை அவிக்கத்தான் பெரிய பாடு, பல்லாலைதான் இழுக்கிறது. சமமாப் பின்னிச் சும்மா ஒரு பூ முடிச்சுப் போட்டுக்கொண்டு போவன்." குரல் சற்றுத் தாழ்ந்தது. "ஒவ்வொரு நாளும் அங்கிள். அப்பாக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

எனக்கு அப்போதுதான் உன் டிஸ்கில் கிடந்த மற்றக் கோப்பு நினைவுக்கு வந்தது.

உனக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று. அந்த டிஸ்கில் பவளத்துக்கு இரண்டு தலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு 'காலை' என்று பெயர் வைத்தாய், மற்றதற்குப் 'பின்னேரம்'. பள்ளிக்கூடத்தால் வீட்டுக்கு வருகிற காட்சிகளுக்கென்று இரண்டாவதைச் செய்தாய். "பிள்ளை ஏன் பரட்டைத் தலையோடை வருது, படிக்கிற பிள்ளையெல்லோ" என்று கனடாக்காரர் அதை வேண்டாமென்றுவிட்டார். நானும் உன்னை ஏசினேன். ஒருத்தரும் பார்க்காத ஒன்றுக்கு இரண்டு கிழமையை வீணாக்கினாய் என்றேன். நீ கோப்பை மூடினாய். அந்தக் கோப்பை அன்றைக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

அனிற்றா பக்கத்தில் இருக்கத் திறந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொழுவி, அடையாளம் போட்டு, எண்ணைக் கூட்டினேன். திரையில் முதலில் புள்ளி புள்ளியாக வந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது.

இரண்டு பின்னலும் சமம்.

ரிப்பனில் வலைமுடிச்சு இல்லை. சின்னப்பிள்ளை அவசரத்தில் போடுகிற பூ முடிச்சு, ஒரு இதழ் பெரிதும் ஒரு இதழ் சிறிதுமாக. பின்னலுக்குள் அகப்படாத மயிர்கள் காதுக்குப் பின்னால் நின்றன, ஓடுகிற வானுக்குள் கண்ணாடி இல்லாமல் பின்னினால் நிற்கிற மாதிரி. உச்சிமட்டும் அதே வாய்க்கால், பிடரியில் மயிரைச் சமமாகப் பிரித்தாலும் உச்சியை அவளால் தனியே மாற்றியிருக்க முடியாது.

அனிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே பலாலி வீதியில் பஸ் ஒன்று நெடுக ஹோன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அப்ப தெரியும் அவருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா, பிறகேன் அங்கிள் அடுத்தநாள் காலமையும் அப்பிடியே பின்னினவர்?"

மச்சான், அது நீ இருந்து சொல்லவேண்டிய மறுமொழி. நான் அவளிடம் வேறொன்றைத்தான் கேட்டேன். அந்த நாட்களில் ஸ்கொலர்ஷிப் சோதனைக்கான பின்னேர வகுப்பு முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று.

"நாலு மணி. அப்பா வேலிப் படலையைத் திறந்துகொண்டு நிப்பார். அவருக்கு அந்த நேரம் வேலை இல்லைத்தானே?"

வேலை இருந்தது என்று நான் அவளிடம் சொன்னேன். நிறைய இருந்தது என்று சொன்னேன். அந்த மூன்று மணிச் சோற்றுக் கதையையும் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். நான் தேத்தண்ணி வாங்கிவரப் போகிற சாட்டில் கீழே இறங்கிப்போய், கடைவாசலில் நின்று என் பங்கை அழுதேன். இத்தனை வருசம் அந்தக் கோப்பை வீணாய்ப்போன வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். உனக்கு முடிச்சுப் போடத்தான் தெரியும்.

போகும்போது அவள்தான் டிஸ்கைப் பைக்குள் வைத்து ரிப்பனைக் கட்டினாள். பூ முடிச்சு. "ஒரு இழுவையிலை அவிழும் அங்கிள், பல்லைக் கெடுக்காதேங்கோ" என்றாள்.

அவள் போனபிறகு வேலையைத் தொடங்கினேன். பின்னேரத் தலையிலும் நீ தீட்டின வெளிச்சம் இருந்தது. ஆனால் அது இடப்பக்கத்தில் இல்லை. தலைக்குப் பின்னால், மேற்கிலிருந்து சாய்ந்து வருகிற வெயில். காதோரத்து மயிர்களின் விளிம்பு மட்டும் பொன்னிறமாகப் பற்றி எரிகிறது. உள்ளே நின்றுகொண்டு, படலைக்குள்ளால் நுழைகிற பிள்ளையைப் பார்க்கிறவனுக்குத் தெரிகிற வெளிச்சம். அதையும் அழிக்கவேண்டியிருந்தது. விளிம்பு விளிம்பாக அழித்தேன். அழித்து முடிய, கூந்தல் எந்த வெளிச்சமும் இல்லாமல், அடுப்புக்கரி நிறத்தில் சும்மா கிடந்தது. அன்றைக்கு இருந்த களைப்பில் அப்படியே விட்டுவிட்டுப் படுத்திருப்பேன்.

ஆனால் புது மென்பொருளில் சூரியனை நாங்களே வைக்கவேண்டும். வெறும் வெளிக்குள் ஒரு வட்டம், அதை எங்கே இழுத்து விடுகிறோமோ அங்கிருந்து வெயில் வரும். நான் அதைப் பிடித்து, பவளத்தின் முதுகுக்குப் பின்னால், மேற்கில், நாலு மணி உயரத்தில் விட்டேன்.

வெள்ளிக்கிழமை, பின்னேரத் தலையின் படத்தைப் பார்த்துவிட்டுக் கனடாக்காரர் எடுத்தார். "இப்ப சரி. ரெண்டும் சமம். எங்கை வாங்கினீர்?" என்றார்.

"வாங்கேல்லை அண்ணை. அவரே செய்து வைச்சிட்டுப் போனவர்."

"அப்ப முந்தி நான் வேண்டாம் எண்டனான், அதோ?"

"ஓம்."

"வெயில் நல்லா விழுந்திருக்குத் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த வருசம் இன்னொரு மென்பொருள் வரும். உன் கீற்றுகள் திரும்பவும் நாடாவாகும், நுனி ஐதாகும், உச்சியில் கரி பிடிக்கும். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஏசிக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கொழுவுவேன். எத்தனை வருசத்துக்கு இந்தக் கண் தாங்கும் என்று தெரியாது. சூரியனை எங்கே வைப்பது என்பதை மட்டும் நான் எவனுடைய வீடியோவிலும் பார்க்கத் தேவையில்லை. நீ படலையைத் திறந்துகொண்டு நிற்கிறாய், பிள்ளை வெயிலை முதுகில் சுமந்துகொண்டு வருகிறாள்.